புளியம்பட்டி வரை வந்து திரும்பியவன் எழுதிக்கொண்டது

சரவணம்பட்டி,
சனிக்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மாப்பிள்ளை வின்ஸ்டனுக்கு, உங்கள் அக்காள் வீட்டுக்காரன் ஞானாபரணம் மிகுந்த வெட்கத்தோடு எழுதிக்கொள்வது.

உங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் உங்கள் வீட்டம்மா ஷைலா அம்மணி தினமும் வாட்ஸப்பில் தகவல் சொல்லிவிடுவதால் அந்த ஆவலுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. நெஞ்சில் போட்ட தையல் நன்றாகக் காய்ந்துவருகிறதாம், ரசம் சோறு சாப்பிடுகிறீர்களாம், கேட் வரைக்கும் நடக்கிறீர்களாம். ஸ்தோத்திரம். என் நலத்தைப் பற்றி எழுதுவதானால், வழக்கமாக ‘நானும் கிருபாவும் சுகம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். இப்போது அந்த வரியில் பாதி சத்தியமங்கலத்தில் உங்கள் வீட்டில் இருக்கிறது. மீதிப் பாதி இங்கே சுகமாக இல்லை.

இந்தக் காலத்தில் எதற்குக் கடுதாசி, போன் போடக் கூடாதா என்று கேட்பீர்கள். போட்டால் உங்கள் போனில் என் பெயர் விழும். பக்கத்தில் உங்கள் அக்காள் கிருபா இருப்பாள். அவள் எடுத்தாலும் எனக்குப் பேச்சு வராது, எடுக்காவிட்டாலும் வராது. வாட்ஸப்பில் எழுதலாம் என்றால், அது அழித்து அழித்து எழுத வசதியாக இருப்பதால் நான் அழித்துக்கொண்டேதான் இருக்கிறேன், அனுப்பின பாடில்லை. காகிதத்தில் எழுதினால் எழுதியது எழுதியதாக இருக்கும். அதனால்தான்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஞாயிறு ஆராதனையை யூடியூப் நேரலையில் படுத்துக்கொண்டே பார்த்தீர்களாம், தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்களாம், சிரிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் ஷைலா அம்மணி டிவியை நிறுத்திவிட்டாளாம். அப்படியென்றால் உங்களுக்கு முழுசாகத் தெரியாது. நிறுத்தின பிறகுதான் இன்னும் மோசம். ஆகையால் ஆதியிலிருந்து சொல்கிறேன். என் பக்கத்து நியாயம் என்று எதையாவது நடுவில் நுழைத்தேன் என்றால் அந்த வரியை விட்டுவிட்டுப் படியுங்கள்.

பம்ப்செட் கம்பெனியில் வெளிநாட்டுக் கடிதங்கள் எழுதிக் காலம் தள்ளிய ஆள் நான். ரிட்டயரான பிறகு எனக்குக் கடிதம் எழுத வெளிநாட்டில் ஒருவரும் இல்லை. எங்கள் அப்பார்ட்மெண்டிலோ பாதி வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். பெற்றவர்கள் பேரன் பேத்தி பார்க்கப் போய்வர நாலு வார்த்தை இங்கிலீஷ் வேண்டும் என்றார்கள். சரி என்று கீழே அசோசியேஷன் ஹாலில் சாயங்காலம் இலவச வகுப்பு ஆரம்பித்தேன். ‘குட் மார்னிங்’, ‘தேங்க் யூ’ என்று சொல்லிக்கொடுத்திருந்தால் இன்று நான் நிம்மதியாக இருந்திருப்பேன். நான் நேரே பர்ஃபெக்ட் டென்ஸில் போய் இறங்கினேன். எனக்கு அதில் ஒரு கிறுக்கு, மாப்பிள்ளை. ஹேவ், ஹேஸ் என்று ஒரு வினையைச் சொல்லி, அதன் பின்னாலே டு, இன், ஃபார், சின்ஸ் என்று எதைக் கொண்டுபோய் ஒட்டுகிறோம் என்பதில் ஒரு மனுஷன் எங்கே இருக்கிறான், எப்போதிலிருந்து இருக்கிறான், திரும்பி வந்தானா இல்லையா எல்லாமே தெரிந்துவிடும். எத்தனை நாள் என்றால் ஃபார். எந்த நாளிலிருந்து என்றால் சின்ஸ். ஓர் ஊருக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டால் ‘ஹேஸ் பீன் டு’. போனவர் இன்னும் வரவில்லையென்றால் ‘ஹேஸ் கான் டு’. யாராவது தப்பாகச் சொன்னால் எவர்சில்வர் டம்ளரை ஸ்பூனால் ‘டங்’ என்று தட்டுவேன். நாளடைவில் அந்த ஸ்பூன் இல்லாமல் எனக்குக் கையே இல்லாதது மாதிரி ஆகிவிட்டது.

எங்கள் அசோசியேஷன் தலைவி ராமாமணி அம்மாவை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பழைய மில்லுக்காரக் குடும்பம், வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே வந்தால் நம்மை விடச் சுத்தமான கோயமுத்தூர் பேச்சு. ஒருநாள் போர்டில் உதாரணத்துக்காக ‘ராமாமணி ஹேஸ் கான் டு கொடுமுடி’ என்று எழுதிவிட்டேன். அந்தம்மா எழுந்தே நின்றுவிட்டார்.

“ஏனுங் சார், நல்ல நாளும் அதுவுமா என்ற பேரைப் போட்டுப் ‘போயிட்டா’ன்னு எழுதறீங்களே, நல்லாவாங்க இருக்குது? போயிட்டு வந்துட்டான்னு எழுதுங்க சார்.”

“இங்கிலீஷுக்குச் சகுனம் எல்லாம் கிடையாதுங்கம்மா” என்று நான் பெரிதாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்புக்கு டீ போட்டுக் கொண்டுவருவது கிருபா. டம்ளர்களைக் கொடுத்துவிட்டு வாசற்படி ஓரமாக நின்றுகொண்டிருப்பாள். காலி டம்ளருக்காக நிற்கிறாள் என்று நினைத்தேன்.

போன ஞாயிறு இங்கிலீஷ் ஆராதனையில் முதல் வாசகம் வாசித்தது நான். சட்டையில் குத்துகிற குட்டி மைக்கை மாட்டிவிட்டிருந்தார்கள். வாசித்துவிட்டு முன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தவன் அதைக் கழற்ற மறந்துபோனேன். இந்த மைக்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று முதலில் இங்கே எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். மைக் என்ன செய்யும், பேசினது என் வாய். கர்த்தர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் வரலாம் என்று போதகர் கூப்பிட்டார். பின்னால் பெண்கள் வரிசையிலிருந்து கிருபா எழுந்து வந்தாள். எத்தனையோ வருஷமாகத் தமிழ் ஆராதனையில் மட்டும் சாட்சி சொல்லுகிறவள், இங்கே எதற்கு வருகிறாள் என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ‘டியர் பிரதர்ஸ் அண்ட் சிஸ்டர்ஸ்’ என்றாள். அப்புறம், ‘மை பிரதர் இஸ் இன் தி ஹாஸ்பிடல் சின்ஸ் டூ வீக்ஸ்’ என்றாள்.

மாப்பிள்ளை, அந்த இடத்தில் ஒரு மனுஷனுக்கு என்ன கேட்டிருக்க வேண்டும்? ‘என் தம்பி’ என்பது கேட்டிருக்க வேண்டும். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் எச்சில்கூட விழுங்காமல் உட்கார்ந்திருந்தவள், தம்பி பிழைத்து வந்ததற்கு நன்றி சொல்ல நிற்கிறாள் என்பது கேட்டிருக்க வேண்டும். எனக்கு ‘சின்ஸ்’ மட்டும் கேட்டது. டம்ளர் இல்லை, மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்துப் பெஞ்சில் ‘டக்’கென்று தட்டினேன். “ஹேஸ் பீன்!” என்றேன். “ஃபார்!” என்றேன். சர்ச்சில் இருந்த அத்தனை ஸ்பீக்கரிலும் கேட்டது. பின்வரிசைக்காரர்கள் சத்தம் மேலேயிருந்து வருகிறது என்று அண்ணாந்து பார்த்தார்களாம். கிருபா பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, ‘மை பிரதர் ஹேஸ் பீன் இன் தி ஹாஸ்பிடல் ஃபார் டூ வீக்ஸ்’ என்று நான் சொன்னபடியே திருப்பிச் சொன்னாள். அத்தோடாவது நான் வாயை மூடியிருக்கலாம். ஆனால் அப்போதுதான் எனக்கு உறைத்தது, நீங்கள் வெள்ளிக்கிழமையே டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்துவிட்டீர்களே! ‘ஹேஸ் பீன்’ என்றால் நீங்கள் இன்னும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறீர்கள் என்று ஆகிவிடும். என் திருத்தமே தப்பு. “நோ, நோ, வாஸ்!” என்று கத்தினேன். சர்ச்சே சிரித்துவிட்டது. ஷைலா அம்மணி டிவியை நிறுத்தினது இந்த இடம் என்று நினைக்கிறேன். நிறுத்தின பிறகு நடந்தது இதுதான்: கிருபா சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. ‘ஆமென்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டாள். நன்றி என்கிற வார்த்தையைச் சொல்லவே இல்லை. நீங்கள் பிழைத்ததற்கு உங்கள் அக்காள் கர்த்தருக்குச் சொல்ல வந்த நன்றி, என்னால் சொல்லாமல் நின்றுபோயிற்று.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம். மத்தியானம் தயிர்சோறு வைத்தாள், ஊறுகாய் வைத்தாள், அவள் சாப்பிட்டாளா என்று நான் பார்க்கவில்லை. ஏனென்றால் சர்ச் வாட்ஸப் குழுவுக்கு ஒரு மன்னிப்பை இங்கிலீஷில் எழுதிக்கொண்டிருந்தேன். ‘ஐ ஹேவ் காஸ்ட் பெயின் டு மை வைஃப்’ என்பதில் ‘டு’ சரியா ‘ஃபார்’ சரியா என்று யோசனை. எந்த மனைவிக்கு வலி கொடுத்தேனோ அவள் கையில் பையோடு என் முன்னால் வந்து நின்றாள். “ஏனுங்க, நான் தம்பி ஊட்டுக்குப் போறேனுங்க” என்றாள். நான் “ம்” என்றேன். போகவில்லை, வாசற்படியில் சித்த நேரம் நின்றாள். எதற்கு நிற்கிறாள் என்று யோசித்தேன், குடையை மறந்துவிட்டாளாக்கும் என்று எடுத்துக் கொடுத்தேன். கொளுத்துகிற வெயில், வானத்தில் ஒரு மேகம் கிடையாது. அவள் குடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குடையை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். உங்கள் வீட்டில் கதவுக்குப் பின்னால் பச்சைக் கலரில் ஒரு குடை மாட்டியிருந்தால் அது அதுதான்.

மறுநாள் சாயங்காலம் வகுப்புக்கு எல்லோரும் வந்தார்கள். டீ வரவில்லை என்று கதவைப் பார்த்தார்கள். “வேர் இஸ் ஆண்ட்டி, அங்கிள்?” என்று உஸ்மா கேட்டாள், இரண்டாவது மாடியில் இருக்கிற பெண், வேலை இண்டர்வியூவுக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறாள். ‘ஷி ஹேஸ் கான் டு சத்தியமங்கலம்’ என்று சொல்ல வேண்டும், மாப்பிள்ளை. நான் போர்டில் எழுதிப்போட்டு, டம்ளர் தட்டிச் சொல்லிக்கொடுத்த வாக்கியம். வாய் வரைக்கும் வந்தது, வெளியே வரமாட்டேன் என்கிறது. “ஷி ஹேஸ் பீன் டு சத்தியமங்கலம்” என்றேன்.

உஸ்மா முகம் மலர்ந்துபோய், “அப்ப ஆண்ட்டி திரும்பி வந்துட்டாங்களா அங்கிள்? உள்ளார இருக்காங்களா?” என்றாள். நான் சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகக் கற்றுக்கொண்ட ஒரே ஆள் அந்தப் பெண். “டீ கொண்டுவருகிறேன்” என்று மேலே வந்துவிட்டேன். டீத்தூள் அகப்படவில்லை. சரி, ஹார்லிக்ஸ் கொடுக்கலாம் என்று டப்பாவில் இருந்ததை நாலு கரண்டி பாலில் போட்டுக் கலக்கி எடுத்துப்போனேன். ஹார்லிக்ஸ் டப்பாவில் கிருபா கடலை மாவு வைத்திருக்கிறாள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? நம் ஊர்க்காரர்களின் மரியாதை உங்களுக்குத் தெரியுமே, ஒருத்தர்கூட மீதி வைக்கவில்லை. “நல்லா கெட்டியா இருக்குங் சார்” என்றார்கள். “வயித்துக்குத் தெம்பா இருக்குதுங்க” என்றார்கள். நான் என் டம்ளரை வாயில் வைத்த பிறகுதான் தெரிந்தது. அத்தனை பேரும் எனக்காகப் பச்சைக் கடலை மாவைக் குடித்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதற்கு நான் சர்ச்சில் என்ன செய்தேன் என்பதை நினைத்தேன். அங்கேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எல்லோரும் போன பிறகு ராமாமணி அம்மா மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“சார், கேக்கறேன்னு தப்பா நினைச்சுக்காதீங்க. கிருபா அம்மணி கிளம்பறப்ப என்னங்க சொன்னாங்க?”

“தம்பி ஊட்டுக்குப் போறேன்னு சொன்னா.”

“போயிட்டு வாரேன்னு சொல்லலீங்களா?”

அப்போதுதான், மாப்பிள்ளை, எனக்குப் பிடிபட்டது. பக்கத்துக் கடைக்குப் போனாலும் ‘போயிட்டு வாரேனுங்க’ என்று சொல்லாமல் அவள் படியிறங்கினதே இல்லை. துக்க வீட்டில் மட்டும்தானே நாம் சொல்லாமல் வருவோம்? அந்த வெயிலில் அவள் வாசற்படியில் நின்றது, மீதி வார்த்தையைச் சொல்லலாமா வேண்டாமா என்றுதான். நான் குடையைக் கொடுத்து அனுப்பிவைத்துவிட்டேன்.

“பீன் டு, கான் டுன்னு எங்களுக்கு டம்ளரைத் தட்டித் தட்டிப் பாடம் எடுத்தீங்க” என்றார் ராமாமணி அம்மா. “சொந்த ஊட்டு அம்மணி வாரேன்னு சொல்லாம போறாங்க, அது உங்க காதுல உளுகலியாக்கும். இன்னொண்ணும் சொல்லிப்போடறேன் கேட்டுக்குங்க. அந்த நாலு வரியை ரெண்டு வாரமா என்ற ஊட்டுச் சமையக்கட்டுல நின்னு சொல்லிச் சொல்லிப் பாத்தாங்க. தம்பிக்கு நல்லாகோணும், நல்லானதும் சர்ச்சுல இங்கிலீஷ்ல சாட்சி சொல்லோணும்னு நேந்துக்கிட்டாங்களாம். ஏனுங்க அம்மணி, தமிழ்ல சொன்னா சாமிக்குப் புரியாதான்னு கேட்டேன். சாமிக்குப் புரியுமுங்க, என்ற ஊட்டுக்காரருக்குப் பெருமையா இருக்கோணுமுங்கன்னு சொன்னாங்க.”

காலி டம்ளருக்காக அவள் வாசற்படியில் நிற்கவில்லை, பாடம் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். என் மாணவி, மாப்பிள்ளை.

செவ்வாய்க்கிழமை காலையில் உங்கள் ஊருக்குக் கிளம்பினேன். கஷ்டமே இல்லை, சத்தியமங்கலம் போகிற சத்தி ரோட்டில்தான் எங்கள் வீடு, கேட்டுக்கு வெளியே வந்து நின்றால் பஸ் வந்து நிற்கும். ஏறி உட்கார்ந்தேன். வந்ததும் உங்களைப் பார்த்து என்ன பேசுவது, அவளைப் பார்த்து எந்த முகத்தோடு நிற்பது என்று யோசித்தேன். கோவில்பாளையத்தில் இறங்கி எதிர்ப் பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு அன்னூர் வரைக்கும் வந்தேன். அடுத்த நாள் புளியம்பட்டி வரைக்கும் வந்து, பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்து, கிருபாவுக்குப் பிடிக்குமே என்று கொய்யாப்பழம் வாங்கி, திரும்பி வந்து நானே தின்றேன். நேற்றும் புளியம்பட்டிதான். கண்டக்டருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. “பெரியவரே, இன்னைக்கு எதுவரைக்குமுங்க தாக்குப் பிடிப்பீங்க?” என்று கேட்கிறார். வகுப்பில் கேட்டால் ‘ஐ ஹேவ் பீன் டு புளியம்பட்டி’ என்று தாராளமாகச் சொல்லலாம். இலக்கணம் சரியாகத்தான் இருக்கிறது.

ஆகையால் நான் உங்களைக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், தயவுசெய்து உங்கள் அக்காளை நல்லபடியாக இங்கே தாட்டி அனுப்பிவிடுங்கள். பஸ் வேண்டாம், உங்கள் மகன் ஜெப்ரி காரில் கொண்டுவந்து விடட்டும். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். நான் இளைத்துவிட்டேன் என்றோ அழுதேன் என்றோ சொல்ல வேண்டாம், ‘மாமா நல்லாத்தான் இருக்காரு’ என்று சொல்லுங்கள். ஆனால் சொல்கிற விதத்தில் அவளுக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும்படி சொல்லுங்கள். நேரில் வந்து கூட்டிப்போவதுதான் முறை என்று நீங்கள் சொல்வீர்கள். எனக்கும் தெரியும். ஆனால் எனக்கு உங்கள் வீட்டு வாசலில் நிற்க முகம் இல்லை. வகுப்பை நிறுத்திவிட்டேன். இனிமேல் யார் எந்த மொழியில் எதைச் சொன்னாலும் திருத்தமாட்டேன் என்று ஜெபத்தில் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் தையல் சீக்கிரம் ஆறவும், ஷைலா அம்மணியின் முட்டிவலி குறையவும், ஜெப்ரிக்கு நல்ல இடம் அமையவும் தினமும் உங்கள் எல்லோருக்காகவும் ஜெபிக்கிறேன். கர்த்தர் உங்கள் வீட்டையும், அந்த வீட்டில் இப்போது இருக்கிற எல்லோரையும், முக்கியமாக முன்னறையில் படுத்துக்கொள்கிறவளையும் காத்துக்கொள்வாராக.

இப்படிக்கு,
உங்கள் முன்னால் நிற்கத் தகுதியில்லாத,
ஞானாபரணம்.

பி.கு.: எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு மன்னிக்கவும், பஸ் ஆடுகிறது. மேலே உள்ள கடிதத்தைத் தபால் பெட்டியில் போடப் போனேன். பெட்டிக்குப் பக்கத்திலேயே பஸ் ஸ்டாப். அங்கே நிற்கும்போது என் போனில் ஒரு குரல் செய்தி வந்து விழுந்தது. கிருபா குரல். இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு பேசியிருப்பாள் என்று குரலிலேயே தெரிந்தது. ‘டியர் பிரதர்ஸ் அண்ட் சிஸ்டர்ஸ். மை பிரதர் இஸ் இன் ஹிஸ் ஹவுஸ் சின்ஸ் ஃப்ரைடே. காட் ஹேஸ் கிவன் ஹிம் டு அஸ். தேங்க் யூ, காட். ஐ ஹேவ் பீன் வித் மை பிரதர் சின்ஸ் சண்டே. மை ஹஸ்பண்ட் ஹேஸ் நாட் கம் டு சத்தி யெட். ஆமென்.’ அவ்வளவுதான். முதல் வாக்கியத்தில் அதே பழைய தப்பு அப்படியே இருக்கிறது. என் விரல் தபால் பெட்டியைத் தட்டப் போனது. மடக்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். கடைசி வாக்கியத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன். ‘நாட் கம்’ என்றால் வரவில்லை. ‘யெட்’ என்று ஒன்றைச் சேர்த்தால், இன்னும் வரவில்லை, ஆனால் சொல்கிறவர் வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று அர்த்தம். இதை உஸ்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தது நான். கதவோரம் நின்று இன்னொருத்தியும் கேட்டிருக்கிறாள்.

ஆகவே மாப்பிள்ளை, மேலே எழுதினது எல்லாம் தள்ளுபடி. அக்காளைத் தாட்டி விடவும் வேண்டாம், ஜெப்ரி காரும் வேண்டாம். நீங்கள் இதைப் படிக்கும்போது நான் உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருப்பேன், ஆகையால் படிக்கவும் வேண்டாம். பஸ்ஸில் ஏறப்போகும்போது ராமாமணி அம்மா பால்கனியில் நின்று “எங்கீங் சார்?” என்றார். “சத்திக்குங்க. போயிட்டு வாரோம்” என்றேன். ஒற்றை ஆளாக நின்றுகொண்டு ‘வாரோம்’ என்றதை அந்தம்மா திருத்தவில்லை.

புளியம்பட்டி பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டது. விசிலை வாயில் வைத்துக்கொண்டு கண்டக்டர் என்னையே பார்க்கிறார். நான் எழுந்திருக்கவில்லை. இன்னும் பார்க்கிறார். நான் எழுந்திருக்கவில்லை, மாப்பிள்ளை. விசில் அடித்துவிட்டார்.